விடுமுறை நாளில் வைத்தியசாலைக்குப் போனால் உயிர் தப்புவது அரிதா?

பனிமலை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் மூன்று மாதங்களுக்கு முன்னர் மாரடைப்பினால் காலமானார். அவருக்கு வயது 63. மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், ரோலர் அறையில், முப்பது ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வலி தொடங்கியது ஒரு சனிக்கிழமை இரவு. உயிர் பிரிந்தது மறுநாள் பிற்பகல். அன்று ஞாயிறும் போயா என்னும் பௌர்ணமி விடுமுறையும் ஒன்றாக வந்திருந்தன.

கருமாதிக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், விடுமுறை நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிறவர்கள் மற்ற நாட்களைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்றும், இதை இங்கிலாந்தில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள் என்றும் சொன்னார். அன்று முதல் என் அண்ணன் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமையாக இருந்திருந்தால் அப்பா இந்நேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பார் என்பது அவருடைய பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால்கூட அதைத்தான் சொல்கிறார்.

எனக்கு அது சரியா என்று தெரியவில்லை. ஆகவே இடமாற்றக் கடிதத்தில் இருந்த நேரங்களையும் எங்கள் கைப்பேசிகளில் பதிவாகியிருந்த அழைப்பு நேரங்களையும் ஒப்பிட்டு, நடந்ததை ஒரு தாளில் எழுதினேன். இரவு 10.45 அளவில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். வாய்வு என்று நினைத்து அம்மா இஞ்சி தட்டிப் போட்டுச் சாயத்தண்ணி கொடுத்தார். முதுகில் சித்தாலேப தேய்த்தார். வலி குறைவதும் கூடுவதுமாக இருந்தது. விடியட்டும், போகலாம் என்று அப்பாவே சொன்னார். காலை 5.20க்கு முச்சக்கர வண்டியில் ஏற்றினோம். 6.15க்கு அருகில் உள்ள சிறிய வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஈ.சி.ஜி. எடுத்தது 7.05க்கு, அன்று இரண்டு வாட்டுகளுக்கும் வெளிநோயாளர் பிரிவுக்குமாக ஒரே ஒரு தாதிதான் ஓடிக்கொண்டிருந்தார். மாரடைப்பு என்று சொல்லி மாத்திரைகளை மெல்லக் கொடுத்தார்கள். அங்கிருந்த நோயாளர் காவு வண்டி வேறொருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தபடியால், நாங்கள் புறப்பட 8.30 ஆயிற்று. பெரிய வைத்தியசாலைக்கு 9.25க்குப் போனோம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி 9.50க்கு ஏற்றப்பட்டது. பிற்பகல் 3 மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

எந்த வைத்தியசாலை என்பதை நான் எழுதவில்லை. எழுதுவதற்காக இதைத் தொடங்கவும் இல்லை. நான் அறிய விரும்புவது இரண்டு. கிழமைக்கும் மரணத்துக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா? இருந்தால், என் தந்தையாரின் விடயத்தில் அது எவ்வளவு?

நிறைகோல் எழுதியது:

உங்கள் தந்தையாரின் இழப்புக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நான் வைத்தியர் அல்லன். சுகாதாரத் துறை மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் கற்பிக்கிறவன், ஹட்டனில் பிறந்தவன். உங்கள் உறவினர் சொன்ன ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் அவற்றிலிருந்து உங்கள் அண்ணன் எடுத்துக்கொண்ட முடிவை அவை தாங்கா.

இந்த வகை ஆய்வுகளில் பெயர்பெற்றது கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செய்யப்பட்டு 2001 இல் வெளியானது. 1988 முதல் 1997 வரை அவசர நிலையில் அனுமதிக்கப்பட்ட ஏறத்தாழ 38 இலட்சம் பேரின் பதிவுகளை அதில் பார்த்தார்கள். மரணத்துக்கு முக்கிய காரணமான 100 நோய்களில் 23 நோய்களில், வார இறுதியில் அனுமதிக்கப்பட்டவர்கள் கூடுதலாக இறந்திருந்தார்கள். வயிற்றுப் பெருநாடி வெடித்தல், நுரையீரலில் இரத்தக் கட்டி அடைத்தல் போன்றவை அவற்றில் சேரும். உங்களுக்கு முக்கியமான செய்தி வேறு. அந்த ஆய்வாளர்கள், கிழமையால் வித்தியாசம் வராது என்று தாங்கள் எதிர்பார்த்த மூன்று நோய்களையும் ஒப்பீட்டுக்காக முன்கூட்டியே தெரிவு செய்திருந்தார்கள். அவற்றில் ஒன்று மாரடைப்பு. எதிர்பார்த்தபடியே அதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

பின்னர் 2007 இல் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் இருந்து வந்த ஆய்வு, மாரடைப்பிலும் ஒரு சிறிய வித்தியாசம் உண்டு என்றது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் வார நாட்களில் நூற்றுக்கு 12.0, வார இறுதியில் 12.9. குழாய் செலுத்தி இருதய நாளத்தைத் திறப்பது போன்ற சிகிச்சைகள் வார இறுதியில் குறைவாகவும் தாமதமாகவும் நடந்தன என்பதைக் கணக்கில் சேர்த்தபோது, அந்த வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கவில்லை. அதாவது, ஞாயிற்றுக்கிழமை என்பது தானாக ஒன்றும் செய்வதில்லை. அந்த நாளில் செய்யப்படாமல் போகும் காரியம்தான் வித்தியாசத்தை உண்டாக்குகிறது. அந்தக் காரியம் செவ்வாய்க்கிழமை செய்யப்படாமல் போனாலும் விளைவு அதேதான்.

உங்கள் உறவினர் குறிப்பிட்டது 2015 இல் வந்த இங்கிலாந்து ஆய்வாக இருக்க வேண்டும். சனிக்கிழமை அனுமதிக்கப்பட்டவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் சாத்தியம், புதன்கிழமை அனுமதிக்கப்பட்டவர்களைவிட 10 சதவீதமும், ஞாயிற்றுக்கிழமை 15 சதவீதமும் கூடுதல் என்று அது கண்டது. இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். நூறு பேரில் பதினைந்து பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது இதன் பொருளன்று. நூறில் நான்கு பேர் இறக்கும் இடத்தில், அது 4.6 ஆகிறது என்பதே பொருள். அப்போதைய அந்நாட்டுச் சுகாதார அமைச்சர் இந்த எண்களை ஏழு நாள் சேவைக்கான வாதமாகப் பயன்படுத்தினார். 2016 இல் இளநிலை வைத்தியர்கள் வேலைநிறுத்தம் செய்த அளவுக்கு விடயம் சூடேறியது. ஆனால் இந்தக் கூடுதல் மரணங்களில் எத்தனை தவிர்க்கத்தக்கவை என்று சொல்ல முடியாது என அதே கட்டுரையின் ஆசிரியர்கள் எச்சரித்திருந்தார்கள் என்பதை அரசியல்வாதிகள் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஏன் சொல்ல முடியாது என்றால், ஞாயிற்றுக்கிழமை வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் வேறு வகையானவர்கள். நம்மூரிலேயே பாருங்கள். காய்ச்சல், இருமல் என்றால் போயா அன்று யார் போகிறார்கள்? திங்கட்கிழமை க்ளினிக்கில் காட்டலாம் என்று இருந்துவிடுவார்கள். விடுமுறை நாளில் தூக்கிக்கொண்டு வரப்படுகிறவர், இனிமேல் வீட்டில் வைத்திருக்க முடியாது என்ற நிலையில் உள்ளவர். ஒக்ஸ்பர்ட் நகர வைத்தியசாலைகளின் பதிவுகளை வைத்து 2017 இல் வெளியான ஆய்வு இதை அழகாகக் காட்டியது. அனுமதிக்கும்போது செய்த இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் கணக்கில் சேர்த்தவுடன், வார இறுதிக்கு உரியதாகத் தோன்றிய கூடுதல் மரணத்தில் ஒரு பெரும் பகுதி கரைந்து போயிற்று. இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2012 இல் வந்த இங்கிலாந்து ஆய்வில், ஏற்கெனவே கட்டிலில் படுத்திருந்த நோயாளர்கள் புதன்கிழமையைவிட ஞாயிற்றுக்கிழமை சற்றுக் குறைவாகவே இறந்திருந்தார்கள். ஞாயிறு கொல்கிற நாள் என்றால் அவர்களை மட்டும் ஏன் விட்டுவைத்தது?

இனி உங்கள் தாளுக்கு வருகிறேன். எழுதத் தயங்கினேன், ஆனால் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். வலி தொடங்கியதிலிருந்து ஊசி ஏறும்வரை 11 மணித்தியாலமும் 5 நிமிடமும் ஆகியிருக்கின்றன. அதில் விடுமுறையின் மீது சுமத்தக்கூடியவை, ஈ.சி.ஜி.க்குக் காத்திருந்த 50 நிமிடமும் வண்டிக்குக் காத்திருந்த 85 நிமிடமும். சேர்த்தால் 2 மணித்தியாலம் 15 நிமிடம். வண்டி வேறு பயணத்தில் இருப்பது செவ்வாய்க்கிழமையும் நடக்கும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பாதையில் கழிந்தது 1 மணித்தியாலம் 50 நிமிடம். பெரிய வைத்தியசாலைக்குள் 25 நிமிடம். மீதி 6 மணித்தியாலம் 35 நிமிடமும் வீட்டில்.

பழைய வாட்டு நம்பர் நாலு எழுதியது:

தம்பி பனிமலை, நான் மலையகத்து அரசாங்க வைத்தியசாலைகளில் 31 வருடங்கள் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மேலே எழுதியவர் கடைசி வரியில் நிறுத்திய இடத்தில் இருந்து நான் தொடங்குகிறேன். ஏனென்றால் அந்த வரியை அப்படியே விட்டால் நீங்களும் உங்கள் அம்மாவும் இனித் தூங்க மாட்டீர்கள்.

இரவில் நெஞ்சு வலித்தால் வாய்வு என்று நினைப்பது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதன்று. நான் வேலை செய்த காலத்தில் மாரடைப்போடு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் இஞ்சியோ ஓமமோ குடித்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒருமுறை ஒரு வைத்தியரின் மாமனாரே அப்படி வந்தார். வலி விட்டுவிட்டு வருவதால் குறைகிறது என்று நோயாளி நம்புகிறார்; அவர் நம்புவதால் வீட்டாரும் நம்புகிறார்கள். உங்கள் தாயார் தமக்குத் தெரிந்ததைச் செய்தார். அதை ஒரு குற்றமாக யாரும் எண்ணக்கூடாது.

ஆனாலும் அந்த மணித்தியாலங்கள் ஏன் முக்கியம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இருதய நாளம் அடைபட்டால், அதற்குக் கீழே உள்ள தசை ஒரேயடியாகச் சாவதில்லை. உள்பக்கத்தில் தொடங்கி வெளிப்பக்கமாக, மணிக்கணக்கில் சாகிறது. கட்டியைக் கரைக்கும் மருந்தை இத்தாலியில் 11,712 பேரிடம் சோதித்து 1986 இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏறியவர்களில் மரணம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நேரம் போகப்போக அந்த நன்மை தேய்ந்து, ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு அந்த ஆய்வில் தெளிவாகத் தெரியவில்லை. பிந்திய ஆய்வுகளைக் கொண்டு 12 மணித்தியாலம் வரை கொடுக்கிறோம். அதனால்தான் உங்கள் அப்பாவுக்கும் கொடுத்தார்கள். மருந்து அதே மருந்துதான். காப்பாற்றுவதற்கு அங்கே மீதம் இருந்த தசைதான் குறைவு.

வைத்தியசாலையின் பக்கத்தையும் நான் மறைக்கப் போவதில்லை. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும் என்பது நாங்கள் படித்த பாடம். 50 நிமிடம் ஆனது தவறு. ஆனால் அந்தத் தவறு, ஓடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையுடையதன்று. இரண்டு வாட்டுக்கும் வெளிநோயாளர் பிரிவுக்கும் ஒருத்தி என்று டியூட்டி அட்டவணை போட்ட ஒழுங்கினுடையது. வார இறுதி என்றதும் எல்லாரும் வைத்தியரைத்தான் தேடுகிறார்கள். 2014 இல் இங்கிலாந்தில் 103 பக்கவாதச் சிகிச்சை வாட்டுகளை ஆராய்ந்தபோது, நிபுணர் ஏழு நாளும் சுற்றுக்கு வருகிறாரா, ஐந்து நாள் வருகிறாரா என்பதால் மரணத்தில் வித்தியாசம் தெரியவில்லை. வார இறுதியில் பத்துக் கட்டிலுக்கு எத்தனை தாதியர் என்பதில்தான் தெரிந்தது. மூன்று பேர் இருந்த இடங்களில் 30 நாள் மரணம் நூற்றுக்கு 11 அளவில் என்றும், ஒன்றரைப் பேர் இருந்த இடங்களில் 15 அளவில் என்றும் மதிப்பிட்டார்கள். (இதைப் படித்தபோது நான் கட்டுரையை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். என் காலத்தில் போயா இரவுகளில் எங்களிடம் பத்துக் கட்டிலுக்கு முக்கால் தாதிகூட இருந்ததில்லை.)

நேரம் என்பது எல்லா நோய்க்கும் ஒரே அளவன்று என்பதையும் நம் மக்கள் அறிய வேண்டும். பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசி நாலரை மணித்தியாலத்துக்குள். விபத்தில் இரத்தம் போகிறவருக்கு, இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் மூன்று மணித்தியாலத்துக்குள். அதற்குப் பிறகு கொடுத்தால் பாதகமாகவும் முடியலாம். பிள்ளை பெற்ற தாய்க்கு இரத்தப்போக்கு மிகுந்தால் இரண்டு மணித்தியாலத்திலேயே உயிர் போகலாம். குளவிக் கொட்டு ஒவ்வாமையில் கணக்கு நிமிடங்களில்தான். விஷத்தால் இறந்தவர்களை ஆராய்ந்ததில், கொட்டியதிலிருந்து மூச்சோ இருதயமோ நிற்கும்வரை நடுவளவாக 15 நிமிடமே சென்றிருந்தது. மலையில் இருந்து இறக்கிக்கொண்டு வரவே அதற்கு மேல் ஆகும்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். கொழுந்து மலையில் குளவி கலைந்து, ஆறு பெண்களை ட்ரெக்டரில் கொண்டு வந்தார்கள். ஒருத்தியின் இடுப்பில், கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குத் துணி கட்டியபடியே இருந்தது; தலைத்துணிக்குள் செத்த குளவிகள். உதடு வீங்கி, கைநாடி பிடிபடவில்லை. அவளைப் பெட்டியில் நிமிர்த்தி உட்கார வைத்து, இருபுறமும் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். விழுந்துவிடக்கூடாது என்ற அன்பினால் செய்தது. ஆனால் இரத்த அழுத்தம் விழுந்தவரை நிமிர்த்தினால் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தமும் நின்றுவிடும். கிடத்தி, காலை உயர்த்தி, தொடையின் வெளிப்பக்கத்தில் அட்ரினலின் அரை மில்லிகிராம் போட்டோம். ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது ஊசி. பத்தாவது நிமிடத்தில் அவள் தன் கூடை எங்கே என்று கேட்டாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்த ஊசி போடப்பட்டிருந்தால் ட்ரெக்டர் பயணம் முழுவதும் அவள் அந்த ஆபத்தில் இருந்திருக்க மாட்டாள்.

அதே போலத்தான் அஸ்பிரினும். 1988 இல் 17,187 மாரடைப்பு நோயாளர்களிடம் செய்த ஆய்வில், அஸ்பிரின் மட்டும் கொடுத்தவர்களிலேயே ஐந்து வாரத்துக்குள் இருதய, இரத்தநாள நோய்களால் வரும் மரணம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. சில ரூபாய் மாத்திரை. ஒவ்வாமை, வயிற்றில் இரத்தக் கசிவு போன்றவை இல்லாதவருக்கு, டிஸ்பென்சரியில் இருப்பவர் பார்த்து மெல்லக் கொடுக்கலாம். அதற்கு இருதய நிபுணர் தேவையில்லை.

மேற்பிரிவு வாசி எழுதியது:

அக்கா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் வீட்டில் போன ஆறரை மணித்தியாலத்தை, நோயைப் புரிந்துகொள்ளாததால் போன நேரம் என்று மட்டும் எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் பொகவந்தலாவைப் பக்கம் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன். இரவில் எனக்கு வரும் அழைப்புகளில் எத்தனை பேர் முதலில் கேட்பது நோயைப் பற்றி அன்று, கூலியைப் பற்றி என்பது எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் சம்பளம் வரும்வரை கையில் காசில்லாத வீட்டில், இரவுக் கூலிக்கும் பகல் கூலிக்கும் உள்ள வித்தியாசம் மூன்று நாள் சமையல். ‘விடியட்டும், போகலாம்’ என்று அப்பா சொன்னதில் வலியின் கணக்கு எவ்வளவு, காசின் கணக்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய வண்டி இலவசமாக வரும் என்று சொல்வீர்கள். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் இந்திய உதவியோடு தொடங்கி, பிறகு நாடு முழுவதும் விரிந்த நல்ல சேவை அது. நானே பலருக்காக அழைத்திருக்கிறேன். ஆனால் எங்கள் மேற்பிரிவுக்கு வரும் பாதையின் கடைசி இரண்டு கிலோமீற்றர் தோட்டப் பாதை. மழைக்காலத்தில் என் வண்டியே வழுக்கும். அந்த இரண்டு கிலோமீற்றருக்கு நோயாளியை நாற்காலியில் உட்கார்த்தி, நாலு பேர் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு மண்சரிவு விழுந்தால் அதுவும் இல்லை.

இன்னொரு சங்கடம் பெயரில் இருக்கிறது. எங்கள் தோட்டங்களுக்கு இரண்டு பெயர். வரைபடத்தில் வெள்ளைக்காரத் துரை வைத்த பெயர். வாயில் நம் பாட்டன்கள் வைத்த தமிழ்ப் பெயர். பதற்றத்தில் அழைக்கிற கிழவிக்குத் தமிழ்ப் பெயர்தான் வரும். வண்டி ஓட்டுநரின் திரையில் அப்படி ஓர் ஊரே இராது. ஒருமுறை வண்டி பக்கத்துத் தோட்டத்து ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு எங்களைத் தேட, நாங்கள் எங்கள் ஸ்டோர் வாசலில் நின்றுகொண்டு அதைத் தேடினோம். நாற்பது நிமிடம் போயிற்று.

அதன் பிறகு எங்கள் பிரிவு இளைஞர்கள் சேர்ந்து சில காரியங்கள் செய்தோம். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றின் முதல் காம்பராச் சுவரிலும், தோட்டத்தின் வரைபடப் பெயர், பிரிவின் பெயர், பெரிய வண்டி வரக்கூடிய கடைசி இடம், 1990 என்ற எண் ஆகியவற்றைப் பெயின்டில் எழுதினோம். இரவில் கூப்பிட்டால் காசு பிறகு என்று நான்கு வண்டிக்காரர்கள் ஒத்துக்கொண்டோம். கோவில் உண்டியலில் இருந்து மாதம் ஒரு தொகை அதற்கென ஒதுக்கியிருக்கிறார்கள். தோட்டத்து லொறியின் சாவி இரவில் யாரிடம் இருக்கும் என்பதை இப்போதைய தோட்டத் துரையிடம் (முகாமையாளரிடம்) கேட்டு எழுதி வாங்கினோம். அதற்குத்தான் மூன்று மாதம் அலைய வேண்டியிருந்தது.

நிறைகோல் எழுதியது:

மேற்பிரிவு வாசியின் திருத்தத்தை முழுமையாக ஏற்கிறேன். ‘வீட்டில்’ என்று நான் எழுதிய சொல் அவசரமானது. 1994 இல் இரண்டு ஆய்வாளர்கள் தாய் மரணங்களைப் பற்றி எழுதியபோது தாமதத்தை மூன்றாகப் பிரித்தார்கள். போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், சேர்ந்த பின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் தாமதம். அவர்கள் வலியுறுத்தியதும் இவர் சொன்னதுதான். இரண்டாவதும் மூன்றாவதும் மோசமாக இருக்கும் இடத்தில் முதலாவது நீளும். பாதையும் கூலியும் தெரிந்தவர்தான் விடியட்டும் என்கிறார்.

நம் நாட்டில் ஒரு தாய் பிரசவத்தை ஒட்டி இறந்தால், அந்த மரணத்தைத் தனியாக எடுத்து, எந்த இடத்தில் எந்தத் தாமதம் நேர்ந்தது என்று மீளாய்வு செய்யும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. தாய் மரணங்கள் இந்த அளவுக்குக் குறைந்ததில் அந்த வழக்கத்துக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. பனிமலை தமது தாளில் செய்திருப்பது அதே வேலைதான். வாத்தியாரான நானே இதைவிடத் தெளிவாகச் செய்திருக்க மாட்டேன். மாரடைப்பினால் இறக்கும் தோட்டத் தொழிலாளிக்கு அத்தகைய தாளை யாரும் எழுதுவதில்லை. எழுதினால், ஒரு மாவட்டத்தில் ஒரு வருடத்துத் தாள்களை அடுக்கிப் பார்த்தாலே போதும், வண்டியை எங்கே நிறுத்த வேண்டும், ஊசியை எந்தச் சிறிய வைத்தியசாலையில் வைக்க வேண்டும் என்பது கிழமையைப் பற்றிய எந்த ஆய்வையும்விடத் தெளிவாகத் தெரியும்.

பனிமலை எழுதியது:

மூவருக்கும் நன்றி. மேற்பிரிவு அண்ணன் சொன்னதைப் படித்த பிறகு அம்மாவிடம் கேட்டேன். அன்று இரவு வீட்டில் 1,400 ரூபாய் இருந்ததாகவும், அதில் திங்கட்கிழமை தங்கையின் வகுப்புக்குக் கட்ட வேண்டிய காசும் சேர்ந்திருந்ததாகவும், அது அப்பாவுக்குத் தெரியும் என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இந்த உரையாடலை அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். செவ்வாய்க்கிழமைப் பேச்சை இப்போது அவர் விட்டுவிட்டார். ஆனால் வேறொரு கேள்வியைப் பிடித்துக்கொண்டார். அன்று இரவு 11.30க்கே கொண்டு போயிருந்தால் அப்பா நிச்சயமாகப் பிழைத்திருப்பாரா? இதற்கு என்னிடம் பதில் இல்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும். அம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது. இப்போது அவருக்கு ஏப்பம் வந்தால்கூட எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

பழைய வாட்டு நம்பர் நாலு எழுதியது:

தம்பி, அண்ணனிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். நான் சொன்ன இத்தாலி ஆய்வில், மருந்து கொடுக்காதவர்களில் ஆயிரத்துக்கு 130 பேர் 21 நாட்களுக்குள் இறந்தார்கள். கொடுத்தவர்களில் 107 பேர். சீக்கிரம் வந்தவர்களில் வித்தியாசம் இதைவிடப் பெரிது. ஆனாலும் நேரத்துக்கு வந்து, மருந்தும் ஏறி, அப்படியும் இறந்தவர்கள் எல்லாப் பட்டியலிலும் இருக்கிறார்கள். அப்படிச் சிலருக்கு நானே கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். முந்திப் போயிருந்தால் உங்கள் அப்பா தப்புவதற்கு வாய்ப்புக் கூடியிருக்கும் என்று சொல்லலாம். தப்பியிருப்பார் என்று உலகத்தில் எந்த வைத்தியரும் சொல்ல முடியாது.

அம்மாவைப் பற்றி. நீண்ட நாள் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும், பெண்களுக்கும், மாரடைப்பு எப்போதும் நெஞ்சு வலியாக வருவதில்லை. ஏப்பத்துக்குப் பயப்பட வேண்டாம். காரணமில்லாமல் உடம்பு குளிர்ந்து வியர்த்தல், லயத்துப் படி ஏறாமலே மூச்சு வாங்குதல், தாடையிலோ தோளிலோ முதுகின் நடுவிலோ அமுக்கம், வாந்தி வருவது போன்ற களைப்பு ஆகியவற்றில் ஒன்று வந்து பதினைந்து நிமிடம் ஓய்ந்திருந்தும் போகாவிட்டால், அது இரவு இரண்டு மணியானாலும் புறப்படுங்கள். அடுத்த க்ளினிக் நாளில் அம்மாவுக்கு ஓர் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லி, அந்தத் தாளைக் க்ளினிக் புத்தகத்தோடு சேர்த்துப் பொலித்தீன் உறையில் போட்டு, வாசலுக்குப் பக்கத்தில் மாட்டி வையுங்கள். பிறகொரு நாள் புதிதாக எடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய ஈ.சி.ஜி. ஒன்று கையில் இருந்தால், பார்க்கிறவர் தயங்கி நிற்கும் நேரம் மிச்சம். அந்த உறைக்குள் வண்டிக் கூலிக்கான காசையும் தனியாக மடித்து வையுங்கள். தங்கையின் வகுப்புக்கு என்று யாரும் அதை எடுக்கக்கூடாது.